ஒற்றைக் கண்மலர்

“டாக்டர் என் கண்ணுக்குள்ள எட்டிப் பாக்குறப்ப, நான் பாத்த யானையும் அவருக்குத் தெரியுமாம்மா?”

கனிஷ்கா போன மாதம் கேட்டது. ஆறு வயது.

இன்று டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

அம்மா, மகளின் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போய்விட்டது என்று நினைத்த ரத்தப் புற்றுநோய். இந்த முறை இடது கண்ணுக்குள் ஒளிந்துகொண்டு வந்தது. ரத்தப் பரிசோதனை ஒன்றும் காட்டவில்லை.

கண்டுபிடித்தவள் பக்கத்துக் கட்டில் பையனின் அம்மா ஜன்னத்.

ஆஸ்பத்திரிக்கு ஊசி போட வந்த ஒரு நாள். “அக்கா, பாப்பா இட்லிய விட்டுட்டு தட்டுல வெறும் எடத்துல கைய வைக்குது. கண்ணக் காட்டுங்க.”

சேட்டை என்று இவள் சிரித்தாள். ஜன்னத் விடவில்லை. தன் மகனைக் கட்டிலில் விட்டுவிட்டு, நர்ஸைக் கையோடு இழுத்து வந்தாள்.

பிறகு கதிர்வீச்சு. மருந்து. பல வாரங்கள்.

டாக்டர் விளக்கைப் போட்டார்.

“கண்ணு சுத்தமா இருக்கும்மா.”

அம்மா செருப்பு வாரிலிருந்து நிமிர்ந்தாள். கனிஷ்கா முந்திக்கொண்டாள்.

“யானை இருந்துச்சா?”

“ரெண்டு இருந்துச்சே.”

“பொய்! நான் ஒண்ணுதான் பாத்தேன்.”

மாலையில் மகளை அப்பாவிடம் விட்டுவிட்டு, தனியாக மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். வாசல் கடையில், காணிக்கை போடும் வெள்ளிக் கண்மலர் ஒன்று கேட்டாள். வேண்டிக்கொண்டது இடது கண்ணுக்கு மட்டும்தான்.

“ஒத்தையா விக்கிறதில்லக்கா,” என்றாள் கடைக்காரி. “ஆத்தாவே ரெண்டு கண்ணோடதான இருக்கா?”

ஜோடியாக வாங்கிக்கொண்டாள்.

சந்நிதியில் யாருமில்லை. பூசாரி எண்ணெய் எடுக்க உள்ளே போயிருந்தார்.

ஒரு கண்ணை உண்டியலில் போட்டாள். மகளின் பெயரைச் சொன்னாள்.

மற்றது உள்ளங்கையில் கிடந்தது.

ஜன்னத்தின் மகனுக்கு இன்னும் ரத்த அணுக்கள் ஏறவில்லை. மூன்று வாரமாக அவளுக்குக் கட்டிலடியில்தான் படுக்கை.

இவள் உண்டியலின் வாயருகே குனிந்தாள்.

“ஆசிப். நாலாம் கட்டில். கண்ணு நல்லாத்தான் இருக்கு தாயே, ரத்தத்தைப் பாரு.”

வழி தவறிவிடக் கூடாதே என்று, எந்த மாடி என்பதையும் சொன்னாள்.

பிறகுதான் தகட்டை விட்டாள்.