பச்சைப் பொட்டலத்தைத் தின்றவன்

ஃப்ரீசர் மேல் இருந்த பச்சைப் பொட்டலத்தை யாரோ தின்றுவிட்டார்கள்.

புயல் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை, ஆய்வுக்கூடத்தைத் திறந்ததும் ஆராய்ச்சியாளர் யுன்ரூவின் கண்ணில் பட்டது அதுதான். வாய் கிழிந்த வெறும் உறை. உள்ளே ஒரு துணுக்குகூட மிச்சமில்லை.

தைனான் நகரில் எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் இயந்திரத்தின் தலையில் இந்தத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் பெயருக்கே ‘சமர்த்தாக இரு’ என்று அர்த்தம். பச்சை நிறமாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது, முக்கியமாக யாரும் தின்னக் கூடாது. தின்றால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். இவ்வளவு படித்தவர்கள் இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். பொட்டலத்தில் கை வைத்துப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

அதுவும் இந்த ஃப்ரீசர் மேல்! உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு ஈரல் புற்றுநோயாளிகளின் ரத்தம் மைனஸ் எண்பது டிகிரியில் உறைந்து கிடக்கிறது. யுன்ரூ ஆறு வருஷமாகச் சேர்த்தது. அவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. உருகிப்போனால் மறுபடி யாரிடம் போய்க் கேட்பது?

ஞாயிறு முழுக்க ஊரில் அங்கங்கே மின்சாரம் இல்லை. புயல் நாளில் கட்டடத்துக்குள் யாரும் நுழையக் கூடாது என்பது நிர்வாகத்தின் கண்டிப்பான உத்தரவு. வீட்டில் அடைந்து கிடந்த யுன்ரூ, ‘பொட்டலம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்’ என்று தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நல்லவேளை, திரை மைனஸ் எழுபத்தொன்பது காட்டியது. பயம் போனதும் கோபம் வந்தது.

“யாரு தின்னது?”

“நான்தான் அக்கா,” என்றான் உதவியாளன் ஆகுவான். ஆள் வாட்டசாட்டம். அடுத்தவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்கிறவன் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவன்.

“உனக்கு வேற எதுவுமே கிடைக்கலையா?”

“கிடைக்கல அக்கா.”

வெள்ளிக்கிழமை எல்லோரும் கிளம்பியதும் தின்றிருப்பான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். போதாக்குறைக்குத் தாழ்வாரத்தில் ஒரு தெர்மோகோல் பெட்டி, குப்பென்று பால்கெண்டை மீன் வாடை. ஆகுவானின் மச்சான் மீன் வியாபாரி. அது அவனுடையதா என்று கேட்டதற்கும் அவன் ஆமாம் என்றான்.

“ரத்தம் வெச்சிருக்கிற இடத்துல மீன் பெட்டியா? இது ஆய்வுக்கூடமா, உங்க மச்சான் கடையா?”

“எடுத்துடறேன் அக்கா.”

அதோடும் அவள் விடவில்லை. ஃப்ரீசர் முன்னால் அவனை நிற்கவைத்து, மூன்று தடவை குனிந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் சிரிக்காமல் குனிந்தான். பிறகு கடைக்குப் போய்ப் புதுப் பொட்டலம் வாங்கி வந்து வைத்தான்.

பிற்பகலில்தான் யுன்ரூவுக்கு அந்த வட்ட அட்டையின் ஞாபகம் வந்தது. பழைய ஃப்ரீசர் அது. பக்கவாட்டில் பேட்டரியில் ஓடும் ஒரு பேனா, வாரம் முழுக்க உள்ளே எத்தனை டிகிரி என்று கோடு போட்டுக்கொண்டே இருக்கும். திங்கள்தோறும் காலையில் அட்டையை மாற்றுவாள். இன்று கோபத்தில் மறந்துவிட்டது.

சனிக்கிழமை வரை கோடு சீராக இருந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேலே ஏறத் தொடங்கியிருந்தது. மைனஸ் எழுபது, அறுபத்தாறு. அங்கே திடீரென்று கீழே இறங்கியது. மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். மாலை ஆறு மணிக்குள் அப்படி ஐந்து தடவை.

ஒன்பது மணி நேரம் ஃப்ரீசருக்கு மின்சாரமே இல்லை. யாரோ ஐந்து தடவை உள்ளே குளிர் சேர்த்திருக்கிறார்கள்.

அவள் தாழ்வாரத்துக்கு ஓடினாள். மீன் பெட்டி இன்னும் அங்கேதான் இருந்தது. மீன் வியாபாரிகள் மீனோடு டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு, வைத்து அனுப்புவார்கள். அது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் புகையாகப் போய்விடும். பெட்டியின் உள்பக்கம் காய்ந்து கிடந்தது.

கீழே இறங்கி, காவலாளி லியாவிடம் கேட்டாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“மேடம், நான் உள்ள விட்டேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். அந்தப் பையன் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனான்.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நடந்தத மட்டும் சொல்லுங்க.”

“அந்தக் காத்துல, ஸ்கூட்டர்ல, துறைமுகத்துக்கும் இங்கைக்குமா அஞ்சு நடை. ரெண்டு தரம் விழுந்து எழுந்திருச்சான். கரண்டு வந்தப்புறம்தான் உக்காந்தான். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. ஒரு கடையும் திறக்கல. மேல போயி ஒரு பச்சைப் பொட்டலம் எடுத்துட்டு வந்தான்.” லியாவ் தயங்கினார். “அதுலயும் பாதி எனக்குக் குடுத்துட்டான் மேடம்.”

யுன்ரூவுக்கு ஞாயிறு முழுக்கத் தான் எதை நம்பி உட்கார்ந்திருந்தோம் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஆகுவான் வந்தபோது ஃப்ரீசர் மேல் இரண்டு பச்சைப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில் வழக்கமான வாசகம்: ‘இது ஃப்ரீசருக்கு. யாரும் தொடக்கூடாது.’

பக்கத்தில் இருந்த பெரிய பொட்டலத்தில், யுன்ரூவின் கையெழுத்தில், ‘இது ஆகுவானுக்கு. ஃப்ரீசர் தொடக்கூடாது.’