இடது ரெக்கை

"ஏங்க, உங்க மானத்தை நான்தான் காப்பாத்தினேன்!"

மாடல் விமானப் போட்டியில் ஜெயிக்க ஏகாம்பரநாதருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்த தினகரனை வாசலிலேயே மடக்கினாள் மனைவி ஜீவிதா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவள். ஒரு நூல் பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"என்னாம்மா பண்ணே?"

"மூணு மாசமா ஒட்டிக்கினு இருந்தீங்களே, இத்தாலிக்காரன் சண்டை ஏரோப்ளேன் மாடல்! அதுல இடது ரெக்கை நாலு மில்லிமீட்டர் நீளமா இருந்துது. சேலையில ரெண்டு கரையும் இப்படி இருந்தா முதலாளி மூஞ்சியிலயே வீசுவாரு. நாளைக்கு சென்னையில நடுவருங்க சும்மா வுடுவாங்களா? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ரெண்டையும் சமமாக்கி, பெயின்ட்டும் அடிச்சிட்டேன்!"

தினகரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அடிப்பாவி! நிஜ விமானமே அப்படித்தான்! ப்ரொப்பல்லர் சுத்துற வேகத்துல இடது பக்கம் சாயுதுன்னு, அந்த ரெக்கையை மட்டும் வேணும்னே நீளமா வெச்சிருந்தாங்க!"

ஜீவிதா ஒரு கணம் யோசித்தாள். மறுபடி உப்புத்தாளை எடுத்தாள்.

"அதுக்கு என்னாத்துக்கு அழுவுறீங்க? வலதுல நாலு மில்லிமீட்டர் தேய்ச்சிட்டாப் போச்சு!"