ஒரு மீட்டர் சாம்பியன்

உலகப் போட்டிகளுக்காக ஏரியைத் தூர்த்துக் கட்டிய வீரர் குடியிருப்பை, கஜானா காலியான வருடத்தில் நகராட்சி ஓய்வூதியக்காரர்களுக்கு மலிவாகக் கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான். வீட்டுக்கு ஒருவர் விளையாட்டு வீரராக இருந்து, வருடாவருடம் அதை நிரூபிக்க வேண்டும். தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எழுபத்திரண்டு வயது ஞானசுந்தரம் உயரம் தாண்டுதலைத் தேர்ந்தெடுத்தார். விழுகிற இடத்தில் மெத்தை போடுகிறார்கள் என்பதே காரணம்.

இந்த வருடத் தேர்வன்று மனைவி சுலோச்சனா சொன்னாள்: "போன தடவையே முட்டியப் பேத்துக்கினு வந்தீங்க. எதுக்கும் பாத்திரத்த எல்லாம் மூட்ட கட்டிட்டேன்."

மைதானத்தில் குறுக்குக் கம்பி, தேறுவதற்கான ஒரு மீட்டர் கோட்டில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடு போட்ட தூண்கள் ஏரி மண்ணில் புதைந்து புதைந்து, கம்பி அவர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. ஞானசுந்தரம் மரியாதைக்காகப் பத்தடி ஓடி வந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக் கம்பியைக் கடந்தார். பிறகு மெத்தையில் படுத்து, பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

நடுவர் பெண் கோட்டைப் பார்த்து எழுதினாள். "ஒரு மீட்டர். பாஸ், சார்."

"வயசு ஏற ஏற ஃபார்ம் கூடுதும்மா," என்றார் கூசாமல்.

வீடும் அதே ஏரி மண்ணில்தான் நின்றது. காலையில் தரையில் உரசிய வாசற்கதவு, அவர் சான்றிதழோடு திரும்பியபோது அசையவே மறுத்தது. சுலோச்சனா கம்பியில்லாத ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"பாஸா? அப்ப தாண்டி உள்ள வாங்க."

ஜன்னல் விளிம்பு இடுப்பளவு இருந்தது. சாம்பியன் அதை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் கட்டில் மெத்தைய இப்டி இழுத்துப் போடேன்," என்றார்.