முகமூடிக் கேப்டன் யார்?

"வருஷக்கணக்கா ஓடுற ஜப்பான் காமிக்ஸ், இந்த மங்கா. அந்த முகமூடிக் கேப்டன் யாருன்னு இன்னுமா தெரியல?" என்று சிரித்தான் சிவகுமார்.

ஹெப்சி போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "ஹீரோயினோட அப்பான்னு நான் சொல்றேன். எங்க ரசிகர் குரூப்புல 'பழைய வாசகன்'னு ஒருத்தர், இல்லவே இல்லைங்கறார். அவரை மடக்கறதுக்காகவே முதல் பாகத்துலேர்ந்து திரும்பப் படிச்சேன். படிக்கப் படிக்க இன்னும் பிடிச்சுப்போச்சு."

"முகம் தெரியாத ஆளோட தினமும் சண்டையா?"

அவள் அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அன்று வந்த புது அத்தியாயத்தில் கேப்டன் முகமூடியைக் கழற்றினார். யாரோ ஓர் அந்நியர்!

'நீங்க ஜெயிச்சுட்டீங்க சார்' என்று குரூப்பில் எழுதினாள்.

பதில் தனிச் செய்தியாக வந்தது. அவள் கண் கலங்குவதைக் கண்டு சிவகுமார் போனை வாங்கிப் படித்தான்.

'உன் தியரிதான் நல்லா இருந்துச்சும்மா. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிஞ்சதும் மாப்பிள்ளையோட சிட்லபாக்கம் வீட்டுக்குச் சாப்பிட வா. அப்பா.'

கல்யாணம் ஆனதிலிருந்து மகளோடு ஒரு வார்த்தை பேசாத மாமனார்!

"அவர்தான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவர் வாதம் பண்ற விதம் எனக்குத் தெரியாதாங்க?" என்றாள் ஹெப்சி. "அவரோட பேச வேற வழியில்ல. அதான் சண்டை போட்டுட்டே இருந்தேன்."