ஆறரை முதல் ஏழு வரை

கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டான் லிஃப்ட் மெக்கானிக். மாலை மணி சரியாக ஆறரை. வெளியே மனைவி மகளை அதட்டுவது கேட்டது.

"டிவியை நிறுத்துடி. அப்பா ஜெபத்துல இருக்காரு."

டிவி நின்றது. மிக்ஸியும் நின்றது. வீடே கப்சிப் என்று ஆனதும், அவன் குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஓர் அட்டைப் பெட்டியைச் சத்தம் வராமல் இழுத்தான்.

உள்ளே ஒரு முழ நீளத்தில் மரக் கப்பல். ஆசை ஆசையாகச் செய்ய ஆரம்பித்தது, மூன்று வருஷமாக அரைகுறையாகக் கிடந்தது. போன வாரம் வரை பாய்மரம் மூன்றும் நடவில்லை, கயிறும் கட்டவில்லை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. நகரத்தில் எந்த மாடியில் லிஃப்ட் நின்றாலும் இவன் ஃபோன்தான் அலறும். ஞாயிறு விடிந்தால் சபையில் நாற்காலி போட வேண்டும், புதன்கிழமை வீட்டுக் கூட்டத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும். மிச்சம் மீதி நேரத்தை மகளின் வீட்டுப்பாடமும் ஒழுகுகிற குழாயும் பங்கு போட்டுக்கொள்ளும். தனக்கென்று அரை மணி நேரம் வேண்டுமென்றால் எங்கே போவான் பாவம்?

கடைசியில் சபைதான் அதைக் கொடுத்தது. திங்கள் முதல் வெள்ளி வரை சங்கிலி ஜெபம் என்று பாஸ்டர் அறிவித்தார். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை ஆளுக்கு அரை மணி, அவரவர் வீட்டிலேயே. முடித்தவர் அடுத்தவருக்கு ஃபோன் செய்து கைமாற்றிவிட வேண்டும். இவனுக்கு ஆறரை முதல் ஏழு. இவனுக்கு அடுத்து பேக்கரிக்காரர்.

யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பாஸ்டர் கொடுத்த விண்ணப்பச் சீட்டில் பெயர் இல்லை. 'ஒரு சகோதரி. ஆஸ்பத்திரி ரிசல்ட் வெள்ளிக்கிழமை. பயம் நீங்கி நல்ல செய்தி வர வேண்டும்.' அவ்வளவுதான். சபைக்கு வரும் டெய்லர் அக்காவாகத்தான் இருக்கும் என்று இவன் முடிவு கட்டிக்கொண்டான். போன வாரம் அவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதைப் பேக்கரிக்காரரே பார்த்திருந்தார்.

திங்கட்கிழமை நல்ல எண்ணத்தோடுதான் முழங்காலிட்டான். கண்ணை மூடுவதற்குள் பெட்டி கண்ணில் பட்டது. தொட்டான், கெட்டான். ஏழு மணிக்கு ஃபோனை எடுத்தான்.

"அண்ணே, நான் முடிச்சுட்டேன். நீங்க ஆரம்பிங்க."

"ஸ்தோத்திரம் தம்பி. உன்னை மாதிரி ஆளுங்களாலதான் சபை நிக்குது."

செவ்வாயன்று கதவுக்கு அடியிலிருந்த இடுக்கில் ஒரு நிழலைப் பார்த்தான். யாரோ வெளியே கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மகளாக இருந்தால் இவ்வளவு நேரம் ஆடாமல் அசையாமல் இருக்க மாட்டாள். ஆக, மனைவிதான். சந்தேகம் வந்து வேவு பார்க்கிறாள்.

அன்றிலிருந்து கயிறு கட்டும்போதே நடுநடுவே "கர்த்தாவே... மனமிரங்கும் கர்த்தாவே" என்று வெளியே கேட்கும்படி முனகி வைத்தான். நிழல் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவள் கேட்டாள். "நல்லா வேண்டிக்கிட்டீங்களா?"

"ம்."

"அந்தச் சகோதரிக்காக?"

"வேற யாருக்காக?"

"என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?"

"அதையெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்று தட்டைப் பார்த்தபடியே சமாளித்தான். அவள் அதற்குமேல் தோண்டவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. இன்றைக்காவது உருப்படியாக ஜெபித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தவன்தான். ஆனால் மூன்றாவது பாய்மரம் ஒன்றுதான் பாக்கி. அதை ஒட்டிவிட்டு நிம்மதியாக வேண்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

பசை இறுகும் வரை கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. சரி, பிடித்துக்கொண்டே ஜெபிப்போம் என்று கண்ணை மூடினான். பாய்மரம் சாய்ந்தது. திறந்தான், நிமிர்த்தினான், மூடினான், மறுபடி சாய்ந்தது. இப்படியே மணி ஏழாகிவிட்டது.

கப்பல் முடிந்திருந்தது, அழகாகவும் இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஐந்து நாள் ஒரு பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க, தான் மரக்குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. பேக்கரிக்காரருக்கு ஃபோன் செய்யக்கூட வாய் வரவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று எழுந்து கதவைத் திறந்தான்.

நினைத்தபடியே அவள் வெளியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. குட்டு உடைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டான்.

"நானே சொல்லிடறேன். கோவிச்சுக்காதே. அந்த டெய்லர் அக்காவுக்கு நான்..."

"அவங்களுக்கு என்ன? நல்லாத்தானே இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குத் துணைக்குத்தான் வந்தாங்க."

"யாருக்குத் துணைக்கு?"

அவள் மடியில் இருந்த ஆஸ்பத்திரி கவரை எடுத்து நீட்டினாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பசை காயாத விரல்களால் அதை வாங்கிக்கொண்டான்.

"ஏற்கெனவே மூச்சு விட நேரமில்லாம ஓடுறீங்க, இதையும் எதுக்கு உங்க தலையில ஏத்தணும்னுதான் பேர் போடாம எழுதிக் குடுத்தேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்களே பிரிங்க. எனக்குப் பயமே இல்லீங்க. அஞ்சு நாளா எனக்காக முழங்கால்ல நின்னீங்களே."