உருவக் கூடாத வாள்

மாப்பிள்ளையின் அப்பா செரான், ஐந்து எருமைகளோடு குலத்து வீரவாளான சூரிக்கையும் பரிசமாகப் பெண் வீட்டில் நீட்டினார். "ஏழு தலை வாங்கின வாளு!"

"உருவுங்க, பாக்கலாம்!" என்று இளவட்டங்கள் கத்தினார்கள்.

செரான் வாளை மார்போடு அணைத்துக்கொண்டார். "உருவினா ரத்தம் குடிக்காம உறைக்குள்ள போகாது. யாரு முன்னால வர்றீங்க?"

கூட்டம் நாலடி பின்வாங்கியது. பெண்ணின் அப்பா நாஹாக் வாளைப் பக்தியோடு வாங்கித் தூணில் மாட்டினார். கல்யாணம் நிச்சயமானது.

வெற்றிலை மெல்லும்போது செரானுக்கு மனசு உறுத்தியது. "சம்பந்தி, மன்னிச்சிருங்க. உள்ள ஒண்ணுமில்ல, வெறும் கைப்பிடிதான். கத்தியே கிடையாது."

"அட, மெல்லப் பேசுங்க! ரத்தம் குடிக்கும்னு கதை கட்டினதே எங்க தாத்தாதான். இதைக் கொடுத்துத்தான் எங்க பாட்டியைக் கட்டினாரு."

செரான் தூணில் தொங்கிய வாளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊரெல்லாம் சுத்திட்டு வீட்டுக்கு வந்திருக்கு. அடுத்த மாசம் என் பையனுக்குப் பொண்ணு எடுக்கணும், கெடுத்துராதீங்க!"