கண்ணை மூடிப் பாடுகிறவர்

“கோயிலுக்குள்ள கூலிங் கிளாஸா? கழட்டும்மா அதை!”

அறங்காவலர் சபைத் தலைவர் தியாகராஜா அதட்டியதும், கையில் தாளோடு நின்ற சிந்துஜா திடுக்கிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைப் பற்றிக்கொண்டாள். அதன் வில்லைகள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன.

மஹய்யாவ என்ற ஊரின் பக்கத்தில் ஒரு சிறிய அம்மன் கோயில். அன்று கும்பாபிஷேக ஆண்டு விழா. அம்மன்மேல் புதிதாக இயற்றப்பட்ட பதிகம் ஒன்று தீபாராதனைக்குப் பின் முதன்முறையாகப் படிக்கப்படவிருந்தது. அச்சகத்திலிருந்து தாள் காலையில்தான் வந்து சேர்ந்தது.

அதைப் படிக்க வேண்டியவர் கணபதி; சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். வெள்ளிதோறும் பூசை முடிவில் பஞ்சபுராணம் என்று ஐந்து பாட்டும் பாடுகிறவர் அவரே. புத்தகம் எதுவும் பாராமல், கண்களை இறுக மூடிக்கொண்டு பாடுவார். அந்தக் கோலத்தைக் கண்டு அவரையும் சேர்த்துக் கைகூப்புகிறவர்கள் உண்டு. அன்று அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாகவும் ஏற்பாடு.

ஆனால், புதுப் பதிகத்தை நீட்டியபோது கணபதி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“எனக்குப் பழைய பாட்டுகளே போதும், தலைவரே. வேற யாராச்சும் படிக்கட்டும்.”

“பொன்னாடைன்னதும் தலைக்கனம் வந்துருச்சு பாத்தியா?” என்று பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு.

வேறொருவரும் முன்வராதபோதுதான் சிந்துஜா எழுந்தாள். குண்டசாலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னபோதெல்லாம் தடுமாறி, ‘மக்கு’ என்று பெயரெடுத்தவள். அப்படி அழைத்தவர்களில் சிலர் இப்போது பிள்ளைகுட்டிகளோடு அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் காதுபட, ஒரேயொரு முறை, பிழையின்றி வாசித்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

“இந்தக் கண்ணாடி இல்லாம எனக்கு வாசிக்க ஏலாது, ஐயா.”

“நடிகை மாதிரியில்ல மாட்டிக்கிட்டு நிக்கிற! படம் பிடிக்கவா வந்த?” என்றாள் முன்வரிசையில் இருந்த இரத்தினம்மா.

“இல்லக்கா. டியூப் லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தும். வெள்ளைத் தாள்ல எழுத்தெல்லாம் நெளியும். கண் ஆஸ்பத்திரியில நெறம் நெறமாக் கண்ணாடி வச்சுப் பார்த்தாங்க. இந்த நெறத்துலதான் எழுத்து ஒரு எடத்துல நின்னுச்சு.”

“எழுத்து நெளியுதா? அது என்ன மண்புழுவா?”

கூட்டம் சிரித்தது. கணபதி சிரிக்கவில்லை.

“ஏன் புள்ள, கீழ் வரி மேல் வரி மேல ஏறுமா?”

“ஏறும் மாமா.”

“கொஞ்ச நேரத்துல தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குமா?”

“கண்ணுல தண்ணியும் வரும்.”

அவரும் கேலி செய்கிறார் என்றே எல்லாரும் எண்ணினார்கள். தியாகராஜாவுக்கு அது துணிவைக் கொடுத்தது.

“இந்தா பாரும்மா, கணபதி அண்ணன் புத்தகமும் இல்லாம, கண்ணையும் மூடிக்கிட்டுப் பாடுறாரு. அது பக்தி! நீ அம்பாளுக்கு முன்னால ஸ்டைல் காட்டிக்கிட்டு நிக்கிற. கழட்டிட்டுப் படி. இல்லாட்டித் தாளைக் குடு.”

சிந்துஜா கண்ணாடியை மெல்லக் கழற்றினாள். விளக்கொளி பட்டதும் அவள் கண்கள் சுருங்கின. தாளைப் பார்த்தாள், உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அவளுடைய பழைய வகுப்புத் தோழி ஒருத்தி தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள்.

“இங்க குடு, புள்ள,” என்று கணபதி கையை நீட்டினார்.

அவள் தாளைக் கொடுத்தாள்.

“கண்ணாடியையும் குடு.”

அதை வாங்கி மாட்டிக்கொண்டு, அம்மன் சந்நிதியில் முதன்முறையாகக் கண்களைத் திறந்தபடி நின்றார் கணபதி.

“தா... தா... யே... தர... தர... ணி...”

சின்னப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளிதோறும் தங்குதடையின்றி ஒலித்த அந்தக் குரல், ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி நகர்ந்தது. முதல் வரி முடிவதற்குள் அவருடைய நெற்றி வியர்த்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றி அவளிடமே கொடுத்தார்.

“எனக்கு இது சரியாப் பொருந்தல. ஆனாலும் எழுத்தோட ஆட்டம் கொஞ்சம் கொறைஞ்சுச்சு. நீ மாட்டிக்கிட்டுப் படி, புள்ள.”

சிந்துஜா பதிகம் முழுவதையும் ஒரு சொல்லும் வழுவாமல் படித்து முடித்தாள்.

ஏற்பாட்டின்படி பொன்னாடையை விரித்துக்கொண்டு கணபதியின் அருகே வந்த தியாகராஜாவின் கைகள் பாதியில் நின்றன.

“அண்ணே... அப்போ, இத்தனை வருசமும்?”

“போர்த்துறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க, தலைவரே. பாட்டெல்லாம் ரேடியோவுல கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினது. கற்பூர வெளிச்சம் கண்ணைக் குத்துச்சு, மூடிக்கிட்டேன். நீங்க அதைப் பக்தின்னீங்க. நான் இல்லேன்னு சொல்லல.”